சினிமாவுக்குத் தாய் யார்?



இன்று எனக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் இந்திய சினிமா கலையாகவும் தொழிலாகவும் வளர்ந்த விதம் என்பதாகும். நான் காலேஜுப் படிப்புப் படித்தவனல்ல. வாசகசாலையில் கிடைத்ததையும், பழைய புத்தகக் கடையில் பொறுக்கியதையும் வைத்துக்கொண்டு என் புத்திக்கு எட்டிய வரையில் யோசித்துப் பார்ப்பவன். ஆதலால் நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ளும்படி உங்களைக் கேட்கவில்லை. உங்களுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடலாம்.

தோழர்களே! சினிமாச் சரித்திரம் எழுதுகிறவர்கள் பால்கே என்பவரை இந்திய சினிமாவின் தந்தை என்கிறார்கள். தெலுங்கு சினிமாவின் தந்தை என்று ரகுபதி வெங்கையாவைச் சொல்லுகிறார்கள். தமிழுக்கு நடராஜ முதலியார், மலையாளத்துக்கு டானியல். இவர்களெல்லாம் பாடுபட்டவர்கள்தான். இவர்கள் பெருமையைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் இத்தனை தந்தைமார் இருக்கிற ஒரு குடும்பத்தில் தாய் என்று ஒருத்திகூடவா இல்லாமல் போய்விட்டாள் என்று கேட்கிறேன். தாயில்லாமல் பிள்ளை பிறந்த கதையைப் புராணத்திலே கேட்டிருக்கிறோம். 1913ஆம் வருஷத்தில் பம்பாயில் அப்படி நடந்திருக்க முடியுமா? ஆகவே சினிமாவின் வளர்ச்சியை இந்த ஒரு பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பிரான்சு தேசத்து லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28ந் தேதி பாரிஸ் பட்டணத்தில் தங்கள் இயந்திரத்தைப் பொதுஜனங்களுக்குக் காட்டினார்கள். ஏழாவது மாதம், அதாவது 1896 ஜூலை 7ந் தேதி, அது பம்பாய் வாட்ஸன் ஓட்டலுக்கு வந்துவிட்டது. டிக்கட் ஒரு ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் கொடுத்துப் படம் பார்க்கக் கூடியவர்கள் யார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சில நாட்களுக்கெல்லாம் அது நாவெல்ட்டி தியேட்டருக்கு மாறி நாலணா டிக்கட்டும் ஏற்பட்டது. அங்கே கோஷா ஸ்திரீகளுக்கென்று தனியாக மறைப்புப் பெட்டிகளும் வைத்தார்களாம். படத்திலே உள்ள பெண்ணை ஊரார் எல்லோரும் பார்க்கலாம். அந்தப் படத்தைப் பார்க்க வந்த பெண்ணை மட்டும் யாரும் பார்க்கக்கூடாது! இந்த நாட்டுக்கு சினிமா வந்த முதல் மாதத்திலேயே இந்த ஏற்பாடும் கூடவே வந்துவிட்டது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில், திருச்சியில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்து வந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914இல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். டெண்டு சினிமாவில் ஒரு விசேஷம் என்னவென்றால், தரை டிக்கட் வாங்கியவனைப் பார்த்து நீ எந்தத் தெரு என்று கேட்க நேரமில்லை. காசு கொடுத்தவன் மணலிலே உட்கார்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்தவன் யார் என்பது விளக்கு அணைந்த பிறகு தெரியாது. சாஸ்திரிகள் எத்தனையோ ஆயிரம் வருஷமாகக் கட்டிவைத்த ஏற்பாட்டை ஒரு நாலு மணி நேரத்துக்காவது இந்த இயந்திரம் தள்ளி வைத்தது என்பதற்காகவே இதற்கு நாம் நன்றி சொல்லலாம்.

நிற்க, பால்கே அவர்களின் விஷயத்துக்கு வருவோம். அவர் சித்திரம், போட்டோ, அச்சுத் தொழில், ஜாலவித்தை எல்லாம் பழகியவர். பம்பாயில் ஏசுநாதர் வாழ்க்கையைப் பற்றிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, நாமும் ஏன் இப்படிச் செய்யக்கூடாது என்று நினைத்தார். இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்துப் பணம் திரட்டி, 1912இல் லண்டனுக்குப் போய் காமிரா வாங்கிக்கொண்டு வந்தார். பணம் போட யாரும் முன்வராதபோது, ஒரு தொட்டியிலே பட்டாணி விதை முளைத்துச் செடியாகிற விதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்து, ஒரு நிமிஷத்திலே செடி வளருகிற மாதிரி காட்டிப் பணக்காரர்களை நம்ப வைத்தார். இது மந்திரத்தாலே வளர்ந்த செடியல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுமையாலும் கணக்காலும் வளர்ந்த செடியாகும்.

அந்தப் படம் "ராஜா ஹரிச்சந்திரா". 1913 மே 3ந் தேதி பம்பாய் கொரனேஷன் தியேட்டரில் வந்தது. நீளம் 3,700 அடி. அப்போது வந்த பிலிமுக்கு ஓரத்தில் துளை கிடையாது. வாங்கினவர்கள்தான் துளை போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு அடி பிலிமில் 16 படம். ஒரு படத்துக்கு ஒரு ஓரத்தில் நாலு துளை. இரண்டு ஓரத்துக்கும் எட்டு. அப்படியானால் அடிக்கு 128 துளை. 3,700 அடிக்கு 4,73,600 துளை ஆகிறது. இது ஒரு பிரதிக்கு. காமிராவில் ஓடிய சுருளுக்கு வேறு. வெட்டி எறிந்ததற்கு வேறு. இவ்வளவு துளையும் இருட்டிலே உட்கார்ந்து, வெளிச்சம் படாமல், கைக் கருவியை வைத்துக்கொண்டு போட்டாக வேண்டும். இதைப் போட்டது யார் தெரியுமா? பால்கேயின் மனைவி சரசுவதிபாய் அம்மையார். பகலெல்லாம் படக் கூட்டம் முழுவதற்கும் சமைத்துப் போட்டு, வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்து நடிகர் முகத்துக்கு வெளிச்சம் திருப்பிவிட்டு, இரவிலே மருந்துகளைக் கலந்து பிலிம் கழுவும் வேலையிலும் கூட இருந்தார். ஒரு துளை பிசகினால் திரையிலே படம் குதிக்கும். இந்திய சினிமாவின் முதல் தொழிலாளி இந்த அம்மையார்தான் என்று நான் சொல்லுவேன். நாளது வரையில் எந்தக் கொட்டகை வாசலிலாவது இந்த அம்மையார் படத்தை மாட்டியிருக்க நீங்கள் பார்த்ததுண்டா?

இருட்டறையில் பெண் இருந்தாள். வெளிச்சத்தில் நிற்கத்தான் பெண் கிடைக்கவில்லை. சந்திரமதி வேஷத்துக்கு ஆள் தேடிப் பால்கே பத்திரிகையில் விளம்பரம் செய்தார். குடும்பத்துப் பெண்கள் வரவில்லை. தாசிகள் இருந்த தெருக்களிலே போய்க் கேட்டார். அவர்களும் அது மானக்கேடு என்று மறுத்துவிட்டார்கள். பிறகு ஆண்களுக்கே பெண் வேஷம் போடலாம் என்றால், மீசையை எடுக்க மாட்டோம், தகப்பன் செத்தால்தான் மீசை எடுப்பது வழக்கம் என்று சொன்னார்களாம்! கடைசியில் ஒரு ஓட்டலில் மாதம் பத்து ரூபாய் சம்பளத்துக்குச் சமையல் செய்துகொண்டிருந்த சாலுங்கே என்ற வாலிபரை, கை விரல் மெலிந்து இருப்பதைப் பார்த்து, பதினைந்து ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்துவந்து சந்திரமதியாக்கினார். பதிவிரதைகள் நிறைந்த பாரத தேசத்தில் பதிவிரதை வேஷம் போட ஒரு சமையற்காரர்தான் கிடைத்தார்!

1917இல் "லங்கா தகனம்" என்று ஒரு படம் எடுத்தார். அதில் அதே சாலுங்கேதான் ராமன், அவரேதான் சீதை. ஆக, ராவணன் யாரைத் தூக்கிக்கொண்டு போனான், யார் அழுதார் என்பதையெல்லாம் நீங்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும். ராமன் திரையில் வந்ததும் ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்களாம். சென்னையில் வசூலான சில்லறைக் காசை மாட்டு வண்டியில் ஏற்றிப் போலீஸ் காவலோடு கொண்டு போனார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பால்கேயின் யோக்கியப் பொறுப்பை இந்த இடத்தில் சொல்லாமல் விடக்கூடாது. அதே 1917இல் சினிமாப் படம் எப்படித் தயாராகிறது என்பதைக் காட்டவே ஒரு படம் எடுத்து, தாமே அதில் தோன்றி, நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும், பிலிமை வெட்டி ஒட்டுவதையும் காட்டினார். அனுமாரைப் பறக்கவிட்டவர், பறக்கவிட்டது தாமும் தம் கத்தரிக்கோலும்தான் என்று ஊரார் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். எந்தக் கோயில் குருக்களாவது தம் வித்தையை இப்படி வெளியிட்டது உண்டா? கும்பிட்டவர்கள்தான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

பெண் வேஷத்துக்குப் பெண்ணே வந்தது அவருடைய இரண்டாவது படத்தில். 1913இலேயே எடுத்த "மோகினி பஸ்மாசுர்" என்பது அது. துர்க்காபாய் காமத் என்ற அம்மையாரும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள். துர்க்காபாய் புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவர். கையிலே பெண் குழந்தை. வேறு பிழைப்பு அந்நாளில் அவருக்கு எங்கே இருந்தது? ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். ஜாதியார் அவரைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்ததனால் அவருக்கு இழக்க வேறு மானம் பாக்கியில்லை. ஆதலால் காமிராவின் முன் வந்து நின்றார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சமூகம் யாரை வெளியே தள்ளியதோ அவர்களிடம்தான் இந்தக் கலை போய்க் கைநீட்ட வேண்டியிருந்தது. இது அடுத்த இருபது வருஷமும் அப்படியேதான் நடந்தது.

ஊமைப்பட காலத்து நட்சத்திரங்களின் பெயரைப் பாருங்கள். சீதாதேவி என்பவர் யார்? ரெனி ஸ்மித் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண். சுலோசனா என்பவர் யார்? டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரூபி மையர்ஸ் என்ற யூதப் பெண். தமயந்தியாக நடித்த பேஷன்ஸ் கூப்பரும் ஆங்கிலோ-இந்தியரே. சுலோசனாவின் சம்பளம் பம்பாய் கவர்னர் சம்பளத்தைவிட அதிகம் என்று அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. 1973ஆம் வருஷம் அவருக்கு சர்க்கார் பெரிய பரிசு ஒன்று கொடுத்தார்கள். அது தாதாசாகேப் பால்கே பரிசு. ஒரு பெண்கூடக் கிடைக்காமல் திண்டாடிய மனிதர் பெயராலே! புராணத்து ஸ்திரீகளின் கற்பை இந்த நாட்டு ஜனங்களுக்குக் கண்ணெதிரில் காட்டியவர்கள் எல்லாம் யூதரும் ஆங்கிலோ-இந்தியரும்தான் என்றால், நம்முடைய உயர்ந்த ஜாதிப் பெருமைக்காரர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

1927இல் சர்க்கார் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு சினிமாக் கமிட்டி போட்டார்கள். 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை கொடுத்தார்கள். படத்தொழிலுக்குக் கடனுதவி வேண்டும் என்று நல்ல யோசனைதான் சொன்னார்கள். சர்க்கார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சினிமாவுக்குக் கடன் கொடுக்க ஒரு கார்ப்பரேஷன் ஏற்பட்டது 1960இல். சினிமாவை ஒரு தொழில் என்று சர்க்கார் அறிவித்தது 1998இல். இதை ஒரு பேச்சாக நீட்டலாம், இன்று வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதைத்தான் நீங்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டானியல் என்பவர் பல் வைத்தியர். நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ வைத்து, 1930ஆம் வருஷ வாக்கில் "விகதகுமாரன்" என்ற மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தார். புராணக் கதையல்ல; மனிதர் கதை. கதாநாயகி ஒரு நாயர் வீட்டுப் பெண். பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்துப் பார்த்தார். அது சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் ரோசி என்ற பெண்ணை அழைத்தார். புலையர் ஜாதியில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் நடிக்கத் தெரிந்தவர். நாள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் கூலி, பத்து நாள் வேலை என்று சொல்லுகிறார்கள்.

படம் திருவனந்தபுரம் காபிடல் தியேட்டரில் ஆரம்பமாயிற்று. தான் நடித்த படத்தை அந்தப் பெண் மற்றவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. அவள் உள்ளே வந்தால் நாங்கள் இருக்க மாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். படத்திலே கதாநாயகன் அவர் தலையில் வைத்திருந்த பூவை எடுக்கிற இடம் வந்தது. உடனே கூச்சல், கல்வீச்சு, திரை கிழிந்தது. புலைச்சி நாயர் ஸ்திரீயாக நடிப்பதா என்பதுதான் ஆத்திரம். பிறகு அவர் வீட்டையும் தாக்கி நெருப்பு வைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பெண் ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பி வந்து, நாகர்கோயிலில் ராஜம்மாள் என்ற பெயரோடு, தான் நடித்ததையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார்.

இதிலே நான் கேட்பது இதுதான். ஆண் பெண்ணாக நடித்தபோது இந்த ஜனங்களுக்குக் கோபம் வரவில்லை. சமையற்காரர் ராணியாக நடித்தார், கும்பிட்டார்கள். யூதப் பெண் பெயரை மாற்றிக்கொண்டு நடித்தார், கைதட்டினார்கள். பொய் என்று தெரிந்தேதான் பார்த்தார்கள். புலையர் பெண் நடித்தபோது மட்டும் கல் எங்கிருந்து வந்தது? நடிப்பு என்பதே ஒருவர் இன்னொருவராக நிற்பதுதானே? புல்லறுக்கிற பெண் புடவை மாற்றி, நடை மாற்றி நின்றால் நாயர் ஸ்திரீ என்று நம்பும்படி இருக்கிறது என்றால், இந்த இரண்டு பேருக்கும் பிறவியிலே வித்தியாசம் ஒன்றுமில்லை என்பதை காமிரா காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் கல்லெறிந்தார்கள்.

டானியலும் அந்தப் படத்தோடு சொத்தை இழந்தார், 1975இல் காலமானார். 1992 முதல் கேரள சர்க்கார் அவர் பெயரால் பரிசு கொடுத்து வருகிறார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. ரோசியின் நடிப்பை இனி ஒருவரும் பார்க்க முடியாது.

பேசும் படம் வந்த பிறகு சங்கதி மாறத் தொடங்கிற்று. 1931 மார்ச் 14இல் பம்பாயில் "ஆலம் ஆரா". அதே வருஷம் அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் "காளிதாஸ்". அந்தப் பிலிம் பெட்டி சென்னைக்கு வந்து சேர்ந்தபோது ஜனங்கள் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தினார்களாம். தகரப் பெட்டிக்குத் தேங்காய்! அந்தப் பெட்டிக்குள்ளே இருந்து பேசியவர் டி. பி. ராஜலட்சுமி அம்மையார். அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். அதற்கும் கூட்டம் வந்தது. இந்த அம்மையார் நடித்ததோடு நிற்காமல், தாம் எழுதிய நாவலையே எடுத்துக்கொண்டு 1936இல் "மிஸ் கமலா" என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். வடக்கே அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1926இல், பாத்மா பேகம் என்ற முஸ்லிம் அம்மையார் படம் டைரக்ட் செய்திருக்கிறார். பெண்களுக்கு இயந்திர சம்பந்தமான புத்தி கிடையாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிற பேர்வழிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

பாட்டு முக்கியமான உடனே பாடத் தெரிந்தவர்கள் வேண்டியிருந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராக நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அன்றைக்கு அது யாருமே கேட்டறியாத தொகை. சங்கீத வித்வான் ஒருவர் வேதியராக வந்து அந்த நந்தனார் முன்னால் நின்றார். பணம் வந்த உடனே மானம் என்பதன் அர்த்தமும் மாறிவிட்டது. 1932இல் பிரபாத் கம்பெனியார் அதே ஹரிச்சந்திரன் கதையைப் பேசும் படமாக எடுத்தபோது சந்திரமதி யார் தெரியுமா? துர்க்கா கோட்டே என்ற, உயர்ந்த ஜாதியில், வசதியான குடும்பத்தில் பிறந்து படித்த அம்மையார். 19 வருஷத்துக்கு முன்னே தாசிகளும் மறுத்த அதே வேஷம்! அவர் தைரியசாலி, பெரிய நடிகை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இதற்குப் பிறகுதான் "குடும்பப் பெண்களும் சினிமாவுக்கு வந்துவிட்டார்கள், சினிமாவுக்குக் கௌரவம் வந்தது" என்று எழுதத் தொடங்கினார்கள். அதுவரையில் வந்தவர்களுக்கெல்லாம் குடும்பம் இல்லையா? துர்க்காபாய்க்கு மகள் இல்லையா? எல்லா வசதியும் உள்ளவர்களுக்கும் தொல்லை இல்லாமல் இல்லை. பம்பாய் டாக்கீசில் சங்கீதம் அமைத்த பார்ஸி அம்மையார் ஒருவர் தம் ஜாதியார் செய்த எதிர்ப்பினால் சரசுவதி தேவி என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

கலை, கலை என்கிறார்களே, உலகமே இந்திய சினிமாவை மதித்துப் பார்த்த "பதேர் பாஞ்சாலி"யை எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் வந்தது. எடுத்த சத்யஜித் ராயும் இன்சூரன்ஸ் பாலிசியின் பேரில்தான் பணம் புரட்டினார். மனைவியின் நகையும் அடகுக்குப் போயிற்று. அந்தப் படத்தில் பல்லுப் போன கிழவியாக வந்து எல்லோர் மனத்தையும் உருக்கிய சுனிபாலா தேவி யார்? பழைய நாடக நடிகை. நாடகம் கைவிட்ட பிறகு கல்கத்தாவில் விலைமாதர் தெருவில் எண்பது வயதில் குடியிருந்தவர். பால்கே கதவைத் தட்டிய அதே மாதிரித் தெருவிலேதான் நாற்பது வருஷம் கழித்து ராயும் தட்ட வேண்டியிருந்தது. படம் வெளிவருவதற்கு முன்பே அந்த அம்மையார் இறந்துபோனார்.

நம் தோழர்களிலேயே சிலர், சினிமாவே நாட்டைக் கெடுக்கிற பிசாசு, அதைப் பற்றி என்ன பேச்சு என்பார்கள். கெடுக்கிற படம் உண்டு, நானும் மறுக்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கான பேர் கூலி வாங்கும் தொழிலை வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியுமா? அந்தத் தொழிலுக்குள் என்ன நடக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்?

பாருங்கள்: பம்பாயில் சினிமா ஒப்பனைக்காரர் சங்கம் ஒன்று, 1955 முதல், பெண்ணுக்கு ஒப்பனைக்காரர் சீட்டுக் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தது. பெண் தலை வாரிவிடலாம். முகத்துக்குப் பவுடர் பூசக்கூடாது. வீட்டிலே தினமும் பூசிக்கொள்ளுகிறவள் ஸ்டூடியோவில் பூசினால் மட்டும் என்ன கெட்டுவிடும் என்றால், ஆண்கள் பிழைப்புக் கெட்டுவிடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஒரு பெண் வழக்குப் போட்டு, 2014 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் அந்த விதி செல்லாது என்று சொன்ன பிறகுதான் தீர்ந்தது. 59 வருஷம்!

ரோசியை விரட்டிய அதே கேரளத்தில், 2017இல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு, சினிமாவில் பெண்கள் நிலையை விசாரிக்க நீதிபதி ஹேமா தலைமையில் சர்க்கார் ஒரு கமிட்டி போட்டார்கள். 2019 டிசம்பரில் அறிக்கை கைக்கு வந்தது. வெளியிட்டது 2024 ஆகஸ்டில். இடையிலே நாலரை வருஷத்துக்கு மேல் அதுவும் அலமாரியில் இருந்தது; ரங்காச்சாரியார் அறிக்கைக்கு வெள்ளைக்கார சர்க்கார் காட்டிய அதே மரியாதை! அதிலே உள்ள கொடுமைகளை எல்லாம் தாய்மார்கள் இருக்கிற இந்தக் கூட்டத்தில் விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். படம் எடுக்கிற பல இடங்களில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. உடை மாற்ற மறைவிடம் கிடையாது. அதற்குப் பயந்துகொண்டு வேலை முடிகிற வரையில் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் என்று அந்த அறிக்கையில் இருக்கிறது. கோடிக் கணக்கில் செலவு செய்து அரண்மனை போல செட்டு போடத் தெரிந்த தொழில் இது.

அங்கே இருக்கிற நடிகைகள் சிலர் 2017இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். 2019இல் அவர்கள் தொடங்கிய திரைப்படக் கழகத்துக்கு பி. கே. ரோசியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நேரம் அதிகமாகிவிட்டது. மற்ற தோழர்களும் பேச வேண்டியிருக்கிறது. நான் சொன்னதில் சந்தேகமோ ஆட்சேபணையோ உள்ளவர்கள் மேடைக்கு வந்து கேட்கலாம். முதலில் தாய்மார்கள் பக்கத்திலிருந்து கேட்கும்படி தலைவர் அவர்களை வேண்டிக்கொள்ளுகிறேன்.